0-52-34: ஓர் உப்பின் பயணம்

மாமா சொட்டுநீரில் தக்காளி போட்ட வருஷம், உரக்கடைக்கு என்னைத்தான் அனுப்புவார். "ஜீரோ அம்பத்திரெண்டு முப்பத்திநாலு ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்துரு மாப்ள, பூ எடுக்குது" என்பார். பையைப் பிரித்தால் சீனியைவிடப் பொடியான வெள்ளைத் தூள். வாளித் தண்ணீரில் கொட்டிக் குச்சியால் நாலு சுற்றுச் சுற்றினால் கசடே இல்லாமல் கரைந்துவிடும். தழைச்சத்து சுழியம், மணிச்சத்து 52, சாம்பல்சத்து 34. பையின் பின்பக்கத்தில் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அதைப் படித்தும் எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில், படிகம் வளர்க்க என்று ஆய்வுக்கூடத்தில் ஒரு வெள்ளை பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். வாயில் நுழைகிற பெயர் கே.டி.பி. ஒரு பொட்டாசியம், இரண்டு ஹைட்ரஜன், ஒரு பாஸ்பரஸ், நான்கு ஆக்சிஜன் என்று எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மாமாவின் தக்காளிக்கு வாங்கிய அதே உப்பு. தூய்மைதான் வேறு, சேர்மம் ஒன்று. உலகத்தின் மிகப் பெரிய லேசர் தன் ஒளியை இந்த உப்பின் வழியாகத்தான் இலக்குக்கு அனுப்புகிறது என்பதை அதற்கும் பிறகு அறிந்தேன். வயலுக்கும் லேசருக்கும் நடுவே இந்த உப்பு நடந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அதன் வாழ்க்கையில் முதல் திருப்பம் 1935-ல், சூரிச் நகரத்தில். புஷ், ஷெரர் என்ற இருவர் இந்த உப்பின் படிகத்தைக் கடுங்குளிரில், ஏறத்தாழ மைனஸ் 150 டிகிரி செல்சியஸில் வைத்துப் பார்த்தார்கள். காந்தம் வடக்கு தெற்கு என்று நிலைகொள்வதுபோல, இந்தப் படிகம் மின் ஏற்றத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதன் உள்கட்டமைப்பு இரு புறமும் ஒன்றுபோல இல்லை என்பது அந்தக் குணத்தின் அடியில் இருந்த செய்தி. படிகத்தின் நடுவில் ஒரு புள்ளியை வைத்து எல்லா அணுக்களையும் அந்தப் புள்ளி வழியே எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டால், பழைய படிகம் திரும்ப வராது. இந்த ஒருபக்கச் சாய்வை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதனால்தான்.

அடுத்து வந்தது போர். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவிக்கு, மின்சாரத்தை ஒலியாகவும் ஒலியை மின்சாரமாகவும் மாற்றும் படிகம் தேவைப்பட்டது. அதுவரை இருந்த ரோஷெல் உப்பு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த இடத்தில் அமெரிக்கக் கடற்படைக்குக் கைகொடுத்தது கே.டி.பி.யின் உடன்பிறப்பு, பொட்டாசியத்துக்குப் பதில் அம்மோனியம் உட்கார்ந்த ஏ.டி.பி. அதுவும் நம் உரக்கடையில் இருக்கிறது. 12-61-0 என்று பெயர். போர்க்காலத்தில் இந்தக் குடும்பத்துப் படிகங்களைத் தண்ணீரிலிருந்து கிலோ கணக்கில் வளர்க்கும் கைப்பழக்கம் உருவானது. போர் முடிந்தது, கைப்பழக்கம் மிச்சமிருந்தது. பெரிய, தெளிந்த படிகம் வேண்டும் என்று யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க முடியும் என்ற நிலை வந்துவிட்டது. கேட்க ஆள் இல்லை.

கேட்க வைத்தது லேசர். 1960 மே 16 அன்று, கலிபோர்னியாவில் தியோடர் மைமன் ஒரு மாணிக்கக் கம்பியிலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தார். அடுத்த ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் மூன்று சக ஆய்வாளர்களும் மாணிக்க லேசரின் சிவப்பு ஒளியை ஒரு குவார்ட்ஸ் படிகத்துக்குள் குவித்தார்கள். உள்ளே போன ஒளியின் அலைநீளம் 694 நானோமீட்டர். வெளியே வந்ததை நிறமாலைத் தட்டில் பதிவு செய்தால், 347 நானோமீட்டரில் மிக மங்கலாக ஒரு புள்ளி. சரிபாதி அலைநீளம், அதாவது இரட்டிப்பு அதிர்வெண். உள்ளே விடாத ஒளி வெளியே வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 1961-ல் அந்தக் கட்டுரை அச்சானபோது படத்தில் அந்தப் புள்ளி இல்லை. தட்டில் ஒட்டிய தூசி என்று நினைத்து, அச்சுக்குத் தயார் செய்தவர்கள் அழித்துவிட்டார்கள். அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு துறையே பிறந்த பக்கத்தில், பிறந்த குழந்தையைக் காணவில்லை. நான் அந்தப் பக்கத்தை முதலில் பார்த்தபோது வெகுநேரம் அந்த அம்பின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒளி எங்கிருந்து வந்தது? ஆடி மாதத்து அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தை அளவாக வைத்தால் பாட்டு பாட்டாக வரும். ஆம்பிளிஃபயரை முழுக்கத் திருகினால் கரகரப்பு சேரும். உள்ளே இருக்கும் சவ்வு ஓர் அளவுக்கு மேல் ஆட முடியாமல் திணறுகிறது. அந்தத் திணறலில், பாடகர் பாடாத சுரங்கள் பிறக்கின்றன. மூல அதிர்வெண்ணின் இருமடங்கு, மும்மடங்கு ஒலிகள் அவை. பொருளுக்குள் இருக்கும் எலக்ட்ரானும் அப்படித்தான். ஒளி என்பது ஆடும் மின்புலம். அது எலக்ட்ரானைப் பிடித்து ஆட்டுகிறது. ஆடுகிற எலக்ட்ரான் அதே தாளத்தில் ஒளியைத் திரும்ப உமிழ்கிறது. மெல்ல ஆட்டினால் ஆட்டிய அளவுக்கு ஆடும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் வெயிலாகவே வருவது இதனால்.

வெயில் எத்தனை மெல்லியது என்பதை எண்ணில் பார்த்தால் வியப்பாக இருக்கும். உச்சிவெயிலின் மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 900 வோல்ட். ஹைட்ரஜன் அணுவுக்குள் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 50,000 கோடி வோல்ட். சித்திரை மாத வெயில் நம் மண்டையைப் பிளக்கிறது; எலக்ட்ரானுக்கோ அது மயிலிறகு. அதனால்தான் மனிதர்கள் கண்ணாடியையும் நீரையும் லென்சையும் வைத்து நூற்றாண்டுகளாக ஒளியை ஆராய்ந்தும், பொருள் ஒளிக்குத் திணறுவதைப் பார்க்கவே இல்லை. லேசர் ஒளியைக் குவித்தபோதுதான் முதல்முறையாக எலக்ட்ரானின் ஆட்டம் கோணியது. அந்தக் கோணலைப் படிக்கும் துறைக்கு நேரியலற்ற ஒளியியல் என்று பெயர்.

கோணல் மட்டும் போதாது. சவ்வு முன்னும் பின்னும் ஒரே மாதிரி முட்டினால் மும்மடங்கு சுரம் வரும், இருமடங்கு வராது. இருமடங்கு வேண்டுமானால் சவ்வு வெளிப்பக்கம் இலகுவாகவும் உள்பக்கம் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி இரண்டு பக்கமும் சமம். சூரிச்சில் தெரியவந்த அந்த ஒருபக்கச் சாய்வு இங்கேதான் கைகொடுக்கிறது. கே.டி.பி.க்குள் எலக்ட்ரானுக்கு முன்னும் பின்னும் ஒன்றல்ல.

குவார்ட்சுக்கும் அந்தச் சாய்வு உண்டு. பிறகு ஏன் ஃபிராங்கனின் புள்ளி தூசி என்று நினைக்கும் அளவுக்கு மங்கிப்போனது? பெருமாள் பல்லக்கைத் தூக்கி வரும் ஸ்ரீபாதம் தாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் நிற்பவரின் காலும் பின்னால் நிற்பவரின் காலும் ஒன்றாக விழும். அதனால்தான் பல்லக்கு மிதந்து வருகிறது. ஒருவர் அடி தவறினால் ஒருவர் தூக்க, மற்றவர் அழுத்துவார். படிகத்தின் வாசலில் பிறந்த புதிய ஒளி ஒரு வேகத்தில் போகிறது. அதைப் பெற்ற மூல ஒளி வேறொரு வேகத்தில் போகிறது, ஏனென்றால் எந்தப் பொருளிலும் நிறத்துக்கு நிறம் ஒளியின் வேகம் மாறும். சிறிது தூரம் உள்ளே போய்ப் பிறக்கும் புதிய ஒளி, முன்பே பிறந்ததோடு அடி தவறி நிற்கிறது. ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. படிகத்தை எத்தனை நீளமாக வைத்தாலும் பயனில்லை.

தீர்வைக் கொடுத்தது நம் உப்பு. 1962 ஜனவரியில், ஒரே இதழின் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று பெல் ஆய்வுக்கூடத்து ஜோர்ட்மெயின் எழுதியது. மற்றது ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து மேக்கரும் டெர்ஹ்யூனும் மற்ற இருவரும் எழுதியது. இரண்டு தரப்பும் தனித்தனியாகக் கே.டி.பி.யைக் கையில் எடுத்திருந்தார்கள். இந்தப் படிகத்துக்குள் ஒளி எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு வேகம் உண்டு. அதில் ஒரு வேகம் படிகத்தைத் திருப்பத் திருப்ப மாறும். சரியான கோணத்தில் வெட்டி வைத்தால், மூல ஒளியின் வேகமும் அதன் பாதி அலைநீளத்தில் பிறக்கும் ஒளியின் வேகமும் ஒன்றாகிவிடும். 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்கு அந்தக் கோணம் ஏறத்தாழ 41 பாகை. அந்தக் கோணத்தில் எல்லாக் கால்களும் ஒன்றாக விழுகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒளி உள்ளே போக, பளிச்சென்ற பச்சை வெளியே வருகிறது. அதே ஆண்டு ஹார்வர்டில் நிக்கோலஸ் புளும்பெர்கனும் அவரோடு இருந்தவர்களும் இதற்கெல்லாம் கணித அடித்தளம் போட்டார்கள்; 1981-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மாற்றத்துக்கு ஒரு குணம் உண்டு. மூல ஒளியின் செறிவை இரண்டு மடங்காக்கினால் பச்சை நான்கு மடங்காகும். பத்து மடங்காக்கினால் நூறு மடங்கு. அதனால் செறிவைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றும். ஆனால் அதே செறிவு வழியில் இருக்கும் கண்ணாடியையும் விட்டுவைப்பதில்லை. செறிந்த ஒளி படும் இடத்தில் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சற்று உயர்கிறது. கற்றையின் நடுவில் செறிவு அதிகம் என்பதால், தட்டையான கண்ணாடியே நடுவில் தடித்த லென்ஸ் மாதிரி ஆகிவிடுகிறது. லென்ஸ் ஒளியைக் குவிக்க, குவிந்த ஒளி லென்சை இன்னும் வலுவாக்க, கடைசியில் கற்றை ஒரு மயிரிழையாகச் சுருங்கிக் கண்ணாடிக்குள் எரித்த கோடு ஒன்றை விட்டுப்போகிறது. ஒளி தன் பாதையைத் தானே வளைத்துக்கொள்ளும் இந்த விந்தையை 1964-ல் சியாவோ, கார்மயர், டவுன்ஸ் மூவரும் எழுதினார்கள். பெரிய லேசர் கட்டுபவர்களுக்கு இது விந்தையாக இருக்கவில்லை, கிலியாக இருந்தது.

பெரிய லேசர்களுக்கு வந்த தேவைதான் கே.டி.பி.யைப் பெரும் பயணத்தில் தள்ளியது. ஹைட்ரஜன் எரிபொருள் அடங்கிய மிளகளவுக் குளிகையை எல்லாப் பக்கமும் லேசரால் நெருக்கி, சூரியனுக்குள் நடக்கும் அணுப்பிணைவை ஆய்வுக்கூடத்தில் நடத்த வேண்டும் என்பது கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் கனவு. 1977-ல் அவர்கள் 20 கற்றைகள் கொண்ட ஒரு லேசரைக் கட்டி, அதற்கு சிவா என்று பெயர் வைத்தார்கள். அதன் ஒளி அகச்சிவப்பு. அகச்சிவப்பு ஒளி இலக்கைச் சுற்றி எழும் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களை வெறிகொண்டு ஓடவைத்தது. அவை எரிபொருளை முன்கூட்டியே சூடாக்கின. சூடான எரிபொருளை நெருக்குவது கடினம். அலைநீளம் குறைந்த ஒளி வேண்டும். அப்படிப்பட்ட ஒளியை நேரடியாகத் தரும் லேசர் அந்த வலிமையில் இல்லை. 1980-ல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தார், கே.டி.பி. படிகங்களை அடுத்தடுத்து வைத்து அகச்சிவப்பைப் புற ஊதா ஒளியாக மிகுந்த திறனோடு மாற்றிக் காட்டினார்கள். வழி திறந்துவிட்டது.

அடுத்த கேள்வி அளவு. லிவர்மோரில் பின்னால் கட்டிய தேசியப் பற்றவைப்பு நிலையத்தில், அதாவது நிஃப்பில், 192 கற்றைகள். ஒவ்வொரு கற்றையும் ஏறத்தாழ 40 செ.மீ. சதுரம். அவ்வளவு அகலத்துக்கு ஒரே படிகத் தகடு வேண்டும், அதுவும் சரியான கோணத்தில் வெட்டியது. அப்படித் தகடு எடுக்கிற அளவுக்குப் பழைய முறையில் ஒரு படிகத்தை வளர்த்தெடுக்க இரண்டு ஆண்டுகள்வரை ஆகும்.

ஏன் அவ்வளவு காலம் என்பது என் கை அறிந்த விஷயம். அந்த எம்.எஸ்சி. ஆண்டில், தெவிட்டிய கரைசலை வடிதாளில் வடித்து, பீக்கரின் வாயைப் பாலிதீன் தாளால் கட்டி, குண்டூசியால் துளை போட்டு, நீர் மெல்ல ஆவியாகக் காத்திருந்தேன். கிடைத்த குட்டிப் படிகங்களில் தெளிந்த ஒன்றை எடுத்து, விதையாக நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஐந்தாவது வாரத்தில் அது சுண்டுவிரல் நகத்தளவு வளர்ந்தது. நாலு பக்கமும் நேர்கோடு, நுனியில் கூர்ங்கோபுரம். ஓர் இரவு மின்சாரம் போய், வெப்பத்தை நிலையாக வைத்திருந்த தொட்டி குளிர்ந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் பீக்கரின் அடி முழுக்க வெள்ளை மணல். கரைசல் தாங்க முடியாமல், கண்ட இடத்திலும் படிகங்களை உதிர்த்திருந்தது. என் விதைப் படிகத்தின் மேல் பால் படிந்ததுபோல் ஒரு மூட்டம். அன்று அந்த பீக்கரைக் கழுவ எனக்கு மனமே வரவில்லை.

அவசரப்பட்டுக் குளிரவைத்தால் கரைசல் சிதறும், அதனால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் வளர விட வேண்டும் என்பதுதான் படிகம் வளர்ப்பவர்களின் பாடம். இதை மாற்றும் வழி 1980-களில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அங்கிருந்து வந்த நடாலியா ஜைட்சேவா 1990-களில் லிவர்மோரில் அதை வளர்த்தெடுத்தார். கரைசலை நுண்வடிகட்டிகளில் வடித்து, தேவையைவிட அதிகமாகச் சூடாக்கி, ஒளிந்திருக்கும் துகள் விதைகளைக் கூடக் கரைத்துவிடுவது முதல் வேலை. அப்படிச் சுத்தமான கரைசலை வெகுவாகக் குளிரவைத்தாலும் அது தானாக உதிராது. பிறகு ஆளுயரத் தொட்டியில் ஒரு டன் அளவுக்குக் கரைசலை ஊற்றி, நடுவில் மேடையில் ஒரு சிறு விதையை வைத்து, மேடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிச் சுழற்றுவார்கள். நாளுக்கு 10, 20 மில்லிமீட்டர் என்று படிகம் எழுகிறது. இரண்டே மாதத்தில் முழு வளர்ச்சி. அங்கே வளர்ந்த ஒன்றின் எடை 318 கிலோ. ஒரே படிகம், தண்ணீரிலிருந்து எழுந்த கண்ணாடிக் கோபுரம் போல. அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் நைலான் நூல் நினைவுக்கு வரும்.

தொட்டியிலிருந்து எடுத்த பிறகும் அது குழந்தைதான். ஈரக்கை பட்டால் கரையும். வெப்பம் சட்டென்று மாறினால் விரிசல் விடும். மற்ற ஒளியியல் கண்ணாடிகளைத் தேய்ப்பதுபோல் நீர் ஊற்றித் தேய்க்க முடியாது. அதனால் சுழலும் வைர முனையால் நீர் படாமல் சீவிச் சீவி வழவழப்பாக்குகிறார்கள். பொருத்தும்போது கோணம் பாகையின் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் மாற்றும் திறன் குறையும். முதல் நாளே முழு வேகத்தில் லேசரைப் பாய்ச்சினால் உள்ளே குண்டூசி முனையளவுக் காயங்கள் வரும். முதலில் மெல்லிய ஒளி, பிறகு சற்று வலியது என்று படிப்படியாகப் பழக்கினால் அதே படிகம் கூடுதலாகத் தாங்குகிறது.

நிஃப்பில் ஒளி கடைசியாகக் கடக்கும் இரண்டு படிகத் தகடுகளில் நடப்பது அழகான கணக்கு. 1053 நானோமீட்டர் அகச்சிவப்பு ஃபோட்டான்கள் மூன்று வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தகட்டில் இரண்டு சேர்ந்து ஒரு பச்சை ஃபோட்டான் ஆகிறது. மூன்றாவது அப்படியே தொடர்கிறது. இரண்டாவது தகட்டில் அந்தப் பச்சையும் மிஞ்சிய அகச்சிவப்பும் சேர்ந்து 351 நானோமீட்டர் புற ஊதா ஃபோட்டான் ஒன்று பிறக்கிறது. மூன்று போய் ஒன்று; ஆற்றல் கணக்கில் குறை இல்லை.

இரண்டாவது தகடு வெறும் கே.டி.பி. இல்லை. அதில் ஹைட்ரஜன் அணுக்களில் பெரும்பங்குக்குப் பதிலாக அதைப்போல இருமடங்கு எடை கொண்ட டியூட்டீரியம் உட்கார்ந்திருக்கிறது. காரணம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய விளைவு. ஒளி மூலக்கூறுகளின் அதிர்வில் சிதறி நிறம் மாறுவதை 1928-ல் கல்கத்தாவில் சி.வி. ராமன் கண்டார். அவர் பார்த்தது மிக மெல்லிய ஒளி. லேசரின் செறிவில் அந்தச் சிதறல் தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது. 1962-லேயே இதைக் கண்டுவிட்டார்கள். அகலமான கே.டி.பி. தகட்டில் புற ஊதா ஒளி பாயும்போது, ராமன் சிதறல் பக்கவாட்டில் ஓடி, ஓடும் தூரமெல்லாம் வலுத்து, தகட்டின் விளிம்பையே உடைக்கக்கூடும். டியூட்டீரியம் அந்தப் பெருக்கத்தைத் தணிக்கிறது.

2022 டிசம்பர் 5 அன்று நிஃப்பின் 192 கற்றைகளும் 2.05 மெகாஜூல் புற ஊதா ஒளியை இலக்கில் சேர்த்தன. அணுப்பிணைவிலிருந்து 3.15 மெகாஜூல் வெளிவந்தது. இலக்குக்குப் போன ஒளியைவிட அதிகமான ஆற்றல் கிடைத்தது அதுவே முதல்முறை. அந்த லேசரை இயக்க ஏறத்தாழ 300 மெகாஜூல் மின்சாரம் செலவானதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்; மின்நிலையம் இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது. அது இருக்கட்டும். இலக்கைத் தொட்ட அந்த 2.05 மெகாஜூலில், இந்த உப்புக்குள் புதிதாகப் பிறக்காத ஃபோட்டான் ஒன்றுகூட இல்லை. இதை வியக்காமல் என்னால் கடந்துபோக முடியவில்லை.

லிவர்மோரின் பெரிய தொட்டிகளுக்கு வெளியேயும் கே.டி.பி. வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது, நம் ஊர்க் கல்லூரிகளில் அதிகமாகவே. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. சங்கரநாராயணன், ராமசாமி என்ற ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட வளர்ப்பு முறை அவர்களின் பெயராலேயே எஸ்.ஆர். முறை என்று வழங்குகிறது. கண்ணாடிக் குப்பியின் அடியில், வேண்டிய திசையைப் பார்த்து விதையை நிறுத்தி, மேலே வெப்பம் கொடுத்து நீரை ஆவியாக்கினால், படிகம் அந்த ஒரே திசையில் கம்பிபோல எழும். கே.டி.பி.யையும் அப்படி வளர்த்திருக்கிறார்கள். தேவையான கோணத்திலேயே வளர்ப்பதால் வெட்டி வீணாக்குவது குறைகிறது. காசு குறைந்த ஆய்வுக்கூடத்துக்கு இது எத்தனை பெரிய உதவி என்பது பீக்கர் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் புதிது புதிதாக என்.எல்.ஓ., அதாவது நேரியலற்ற ஒளியியல் படிகம் வளர்க்கிறார்கள். அமினோ அமிலத்தோடு ஒன்றைச் சேர்த்து, கரிம உப்பு ஒன்றை மாற்றி, மாதக்கணக்கில் பீக்கர் முன்னால் காத்திருந்து. வளர்ந்த படிகம் ஒளியை இரட்டிக்கிறதா என்று பார்க்க, 1968-ல் குர்ட்ஸும் பெரியும் சொன்ன எளிய வழி இருக்கிறது. படிகத்தைப் பொடித்து, மெல்லிய கண்ணாடிக் குழலில் அடைத்து, 1064 நானோமீட்டர் லேசர் துடிப்பைப் பாய்ச்ச வேண்டும். பொடியிலிருந்து பச்சை ஒளி வந்தால் இரட்டிக்கிறது என்று பொருள். எவ்வளவு என்று அறியப் பக்கத்தில் இன்னொரு குழல், அதே அளவு பொடித்த கே.டி.பி.யோடு. "கே.டி.பி.யைப் போல் 1.2 மடங்கு", "கே.டி.பி.யில் பாதி" என்று நம் ஊர் ஆய்வேடுகளில் முடிவுகள் வருவது இப்படித்தான். ஒரு காலத்தில் சோதிக்கப்பட்ட படிகம், இப்போது மற்றப் படிகங்களைச் சோதிக்கும் படியாக ஆகிவிட்டது.

போன தையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மோட்டார் அறையில் பாதி பை 0-52-34 கிடந்தது. மழைக்காலத்தில் வாய் கட்டாமல் விட்டிருக்கிறார். ஈரம் உள்ளே போய், காய்ந்து, தூள் கட்டியாகியிருந்தது. ஒரு கட்டியை உடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே, அரிசியில் பாதிகூட இருக்காது, நாலு பக்கம் நேராக, நுனியில் கூர்ங்கோபுரத்தோடு ஒன்று நின்றிருந்தது. "அது வீணாப்போச்சு மாப்ள, தூக்கிப் போடு" என்றார் மாமா. தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும் மாமா, ஒன்றும் வீணாகவில்லை என்றேன். பையைத் தென்னைக்குக் கலக்க எடுத்துப் போனார். அந்த ஒன்றை மட்டும் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.